இருபத்தேழு நட்சத்திரமும் ஒரு சமன்பாடும்

எங்கள் பௌதிகவியல் சேர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதியதும் விளக்கத் தொடங்கமாட்டார். வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "வாசி" என்பார். "எஃப் சமன் எம் ஏ" என்று ஒப்புவித்தால் போதாது. "அது எழுத்துக்கூட்டினது. இப்ப வாசி." ஒரு பொருளின் போக்கை மாற்ற எவ்வளவு விசை வேண்டும் என்பது அதன் திணிவையும், எவ்வளவு விரைவாக மாற்றுகிறோம் என்பதையும் பொறுத்தது என்று முழு வசனமாகச் சொல்லவேண்டும். அதன் பிறகும் விடமாட்டார். "இந்த வசனத்தில எது இல்லை?" வேகம் இல்லை. ஓடிக்கொண்டிருக்க விசை தேவையில்லை, ஓட்டம் மாறுவதற்குத்தான் தேவை. இல்லாததையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று எனக்கு வேறு யாரும் சொல்லித்தந்ததில்லை.

1978இல் உயர்தர வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். நிறுத்தற் கடிகாரம் ஒன்று இருந்தது, அதுவும் நினைத்தால்தான் ஓடும். ஆகவே சேருக்குத் திருகோணமலைதான் ஆய்வுகூடம். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நின்று ஐன்ஸ்டீனை நடத்தியிருக்கிறார். பத்து லீற்றர் வாளித் தண்ணீரை அப்படியே பத்துப் பாகை சூடாக்கினால் திணிவு கூடுமா? கூடும். ஒரு கிராமை 21 கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. எந்தத் தராசுக்கும் தெரியாது. சக்தி கூடினால் திணிவும் கூடும் என்கிற ஈ சமன் எம் சீ வர்க்கம் என்றாலே அணுகுண்டைப் பேசுகிறவர்கள் இந்த வாளியை மறந்துவிடுகிறார்கள். ஐன்ஸ்டீன் 1905இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: ஒரு பொருளின் சடத்துவம் அதற்குள் இருக்கும் சக்தியைப் பொறுத்ததா?

ஒரு பறுவத்தன்று பின்னேரம் எங்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோட்டைக்குள் மான்களைத் தாண்டி, மேலே ஏறி, கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறைப் பிளவான இராவணன் வெட்டடியில் நின்றோம். "இதால ஒரு கல்லு விழ நாலு விநாடி எண்டு வை. உயரம்?" எஸ் சமன் அரை ஜீ ரீ வர்க்கம்: விழும் தூரம், புவியீர்ப்பு ஆர்முடுகலில் பாதியை விழும் நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. 78 மீற்றர். "அஞ்சு விநாடி எண்டால்?" 122. ஒரு விநாடி பிழைத்தால் 44 மீற்றர் பிழைக்கும் என்றபோதுதான் வர்க்கம் என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்கியது. போட்டே பார்க்கலாமே என்று ஒருவன் கல் பொறுக்கக் குனிந்தான். "கீழ வள்ளம் நிக்கும். மண்டை உடைஞ்சால் அதுவும் அரை எம் வீ வர்க்கம்தான்" என்றார் சேர். ஓடும் பொருளின் சக்தியைச் சொல்லும் சமன்பாடு அது.

அதற்குள் கடலிலிருந்து நிலவு எழும்பிவிட்டது. "சந்திரன் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை நாள்?" யாருக்கும் தெரியவில்லை. "உங்கட அம்மம்மாவுக்குத் தெரியும். நாளுக்கு ஒரு நட்சத்திரம்." அச்சுவினி முதல் ரேவதி வரை 27. சரியாகச் சொன்னால் 27.3 நாள். பிறகு கெப்ளர் 1619இல் வெளியிட்ட விதியை வாசிக்கச் சொன்னார்: சுற்றும் காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்தோடு சேர்ந்து போகும். ஏன் அப்படி என்பதை நியூட்டன் 1687இல் ஈர்ப்பு விதியிலிருந்து காட்டினார். "இனிப் பூமியை ஒரே நாளில சுற்றுற ஒரு சாமான் வேணும். எவ்வளவு தூரத்தில வைப்பீங்கள்?"

காலம் 27 மடங்கு குறைகிறது. 27ஐ 27ஆல் பெருக்கினால் 729. எதன் கனம் 729? ஒன்பதின் கனம்! அப்படியென்றால் சந்திரனைவிட ஒன்பது மடங்கு கிட்ட. சந்திரன் இருப்பது ஏறக்குறைய 384,000 கிலோமீற்றரில், ஒன்பதால் வகுத்தால் 42,700. அது பூமியின் மையத்திலிருந்து கணக்கு. பூமியின் ஆரை 6,400ஐக் கழித்தால் தலைக்கு மேல் 36,000 சொச்சம். அசல் கணக்கு 35,786. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டப் போய்விட்டோம்.

மத்தியகோட்டுக்கு மேல் அந்த உயரத்தில் வைத்த செய்மதி ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும், மூன்று போதும், உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் எச்சங்களை 1956இல் நாங்கள் நின்ற அதே மலையடியில் சுழியோடிக் கண்டவரும் அவர்தான். சேர் இதைச் சொல்லிவிட்டு, பூசைக்கு மணி அடிக்கிறது என்று எங்களை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டார்.

இப்போது இலண்டனில் எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் மாதம் ஒரு முறை பௌதிகம் பேசுகிறேன். "சமன்பாடு போட்டால் சனம் எழும்பிப் போயிடும்" என்று முதலிலேயே எச்சரித்தார்கள். பயந்துபோய் ஒரு கூட்டத்தில் சமன்பாடே இல்லாமல் ஐன்ஸ்டீனின் ஈர்ப்பைச் சொன்னேன். இழுத்துக் கட்டிய படுக்கை விரிப்பில் பாரமான பந்து, பக்கத்தில் உருளும் கோலிக்குண்டு என்று வழக்கமான உவமைதான். கடைசி வரிசையில் ஒரு ஐயா, "அந்தப் பந்தைக் கீழ இழுக்கிறது ஆர்?" என்று கேட்டார். ஈர்ப்பைக் காட்ட ஈர்ப்பையே கடன் வாங்கியிருந்தேன். நல்ல அடி.

அடுத்த மாதம் கெப்ளரின் விதியைப் பெரிய எழுத்தில் எழுதி, எல்லோரையும் வாசிக்கவைத்தேன். ஒருவரும் எழும்பவில்லை. ஒன்பது வந்ததும், முன்வரிசையில் இருந்த அம்மா கையைத் தூக்கினார். "தம்பி, அப்ப வியாழன்?"

சூரியனைச் சுற்றுவதென்றால் பூமியின் ஓராண்டோடு ஒப்பிடவேண்டும் என்றேன். வியாழன் ராசிக்கு ஒரு வருடம், பன்னிரண்டு ராசிக்கும் 12. அதன் வர்க்கம் 144. ஐந்தின் கனம் 125, ஆகவே ஐந்துக்குச் சற்று மேல். உண்மையில் பூமியைப்போல 5.2 மடங்கு தூரம். சனியை அந்த அம்மாவே விரல்விட்டு எண்ணினார். ராசிக்கு இரண்டரை, பன்னிரண்டுக்கும் முப்பது, வர்க்கம் 900. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்.

"ஒன்பதரை மடங்கு தூரம், அம்மா" என்றேன்.

"அவ்வளவு தூரத்தில நிண்டுகொண்டோ என்ர மேன இந்தப் பாடு படுத்துறான்?" என்றார்.