டிரம்மில் கிடந்த இயந்திரங்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆழிப்பேரலை மலேசியாவின் பினாங்குக் கரையைத் தாக்கியபோது, தெலுக் பாஹாங்கில் படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றில் நான் வேலை பார்த்து வந்தேன். சுமத்ரா குறுக்கே கிடக்கும்வரை பெரிய அலை இந்தப் பக்கம் வராது என்று மூத்த மீனவர்கள் சொல்லக் கேட்டுப் பழகியிருந்தோம். பினாங்கில் மட்டும் அன்று 52 பேர் இறந்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்தே, மண்ணும் சேறும் அப்பிய இயந்திரங்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பட்டறை முதலாளியான அண்ணன், நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்களை வாசலில் வரிசையாக வைத்து, உடனே கை வைக்க முடியாதவற்றை அவற்றுக்குள் முக்கி வைக்கச் சொன்னார். நனைந்ததை மறுபடியும் நனைப்பதா என்று நான் தயங்கி நின்றேன். "தண்ணியில கிடக்கிற வரைக்கும் தாங்கும் தம்பி, உப்போட காத்துப் பட்டாதான் துரு ஓட ஆரம்பிக்கும்" என்றார்.

தீப்பொறி பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை கீழே பார்க்கும்படி இயந்திரத்தைச் சாய்த்து, ஃப்ளைவீல் என்ற சுழல்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால், உள்ளே புகுந்த கடல்நீர் சாம்பல் நிறத்தில் கொப்பளித்து வெளியே வரும். சுற்றும்போது எங்காவது தடுத்தால் வலுக்கட்டாயமாகச் சுற்றக் கூடாது; ஓடிக்கொண்டிருக்கையில் மூழ்கிய இயந்திரமாக இருந்தால் உள்ளே தண்டு வளைந்திருக்கலாம். பிறகு எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழுவி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, கிளப்பி, அரை மணி நேரமாவது நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். இரவு பகலாக இதையே செய்தோம்.

ஆனால் எல்லோருடைய இயந்திரத்தையும் நாங்கள் தொட முடியவில்லை. சேதத்தை அதிகாரிகள் நேரில் பார்த்தால்தான் உதவித்தொகை கிடைக்கும், அதுவரை எதையும் மாற்றக் கூடாது என்ற பேச்சு கரை முழுவதும் பரவியிருந்தது. நான் பாக் சிக் என்று அழைக்கும் முதியவர் ஒருவர் அதை நம்பித் தம் இயந்திரத்தைக் கொட்டகையில் அப்படியே கிடத்தியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி நானும் அதைத் தொடவில்லை. பத்து நாள் கழித்துத் திறந்தபோது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. அலை விட்டுவைத்த இயந்திரத்தைக் காத்திருப்பு தின்றுவிட்டது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. சேதத்தைப் பதிவு செய்ய நாலு புகைப்படமும் இயந்திரத்தின் வரிசை எண்ணும் போதும் என்று முதல் நாளே யாராவது அந்தக் கரையில் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். பாக் சிக் இயந்திரம் இல்லாமல் கழித்த வாரங்களில், மற்றவர்களின் படகில் கூலிக்குப் போய்வந்தார்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெருங்காற்றும் மழையும் பினாங்கை மூழ்கடித்தபோது பட்டறை என் பொறுப்பில் இருந்தது. விடிவதற்குள் தொலைபேசியில் அழைத்தவர்களிடமெல்லாம், முதலில் படம் எடுங்கள், அடுத்து நல்ல தண்ணீரில் முக்கி வையுங்கள் என்றேன். மழை விட்டதும் போய்ப் பார்த்தபோது, ஒரு வீட்டு முற்றத்தில் நீல நிற டிரம்முக்குள் ஓர் இயந்திரம் தலைகீழாகக் கிடந்தது. அதன் வரிசை எண்ணை யாரோ கரித்துண்டால் டிரம்மின் மேல் எழுதியிருந்தார்கள்.