அம்மா அறைக்கு எவ்வளவு ஆகிறது?

ஜனவரி 4, 2025, ஹாரோ, லண்டன்

அம்மா மதுரையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பின்பக்க அறை ரேடியேட்டர் சரியாகச் சூடேறுவதில்லை என்று 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அதை அணைத்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, தலையில் மஃப்ளர் என்று சுருண்டு உட்கார்ந்திருக்கிறார். "கரண்டு பில்லு ஏறுமேடா" என்கிறார். மனசு கேட்கவில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஜனவரி 5

இந்தக் காலாண்டுக்கு ஆஃப்ஜெம் (இங்கே கரண்ட், கேஸ் விலையைக் கண்காணிக்கும் அமைப்பு) வைத்திருக்கும் விலை உச்சவரம்பு, சராசரியாக, கரண்ட் யூனிட்டுக்கு 24.86 பென்ஸ், கேஸ் 6.34 பென்ஸ். ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். 2 பவுண்டு 98 பென்ஸ். ஊரில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்பது நாளுக்குள் தின்றுவிடும்.

கேஸ் மீட்டர் வாசலுக்கு வெளியே வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. நேற்றும் இன்றும் இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துக் குறித்தேன். வித்தியாசம் 7 கன மீட்டர். யூனிட்டாக மாற்ற 11.2ஆல் பெருக்கினால் 78 யூனிட் சொச்சம். 4 பவுண்டு 97 பென்ஸ். வீடு முழுக்கச் சூடு, எல்லோருக்கும் குளிக்க வெந்நீர், எல்லாம் சேர்த்து ஐந்து பவுண்டு. ஒற்றை அறைக்கு மட்டும் மூன்று பவுண்டு! இத்தனைக்கும் ஹீட்டர் வாங்கும் கரண்ட் முழுவதையும் சூடாக்கித் தருகிறது. கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் பாய்லர்தான் பத்தில் ஒரு பங்கைப் புகையோடு வெளியே விடுகிறது. அப்படியும் கேஸ்தான் மலிவு.

ஜனவரி 6

பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, அம்மா அறை ரேடியேட்டரின் மேல்மூலைத் திருகைச் சாவியால் கால் சுற்று திருப்பினேன். உஸ்ஸென்று ஒரு நிமிடம், உள்ளே அடைபட்டிருந்த காற்று. அப்புறம் கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது. துணியை வைத்து மூடினேன். பாய்லரில் அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தது, ஏற்றிவிட்டேன். சாயங்காலம் ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை கை வைக்க முடியாத சூடு.

ஜனவரி 11

கடும் குளிர். பாய்லர் அனுப்பும் தண்ணீரை 75 டிகிரியிலிருந்து 60க்குக் குறைத்தேன். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் சூட்டையும் கொடுக்கும். வீடு சூடேற நேரமாகிறது, ஆனால் குளிரவில்லை.

ஜனவரி 18

பாய்லருக்குப் பதில், வெளிக்காற்றிலிருக்கும் சூட்டைக் கரண்டால் இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் போட்டால் என்ன? ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு என்றால் 8.29 பென்ஸ், பாய்லரில் 7.04. மூன்றரை வந்தால் கிட்டத்தட்ட சமம். கேஸ் இணைப்பையே எடுத்துவிட்டால் தினக் கட்டணம் 31.65 பென்ஸும் மிச்சம், வருடத்துக்கு 115 பவுண்டு. அரசு மானியம் 7,500 பவுண்டு இருக்கிறது. கரண்ட் விலை மேல் ஏற்றியிருக்கும் வரிகளைக் கொஞ்சம் இறக்கினாலே நான் யோசிக்காமல் மாறிவிடுவேன். அதைச் செய்யாமல் மாறுங்கள் என்று மட்டும் சொல்வது நியாயமே இல்லை.

அம்மா மஃப்ளர் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேஸை எடுத்துட்டா தோசைக்கு என்னடா பண்றது?" என்றார்.

"இண்டக்‌ஷன்மா. நம்ம இரும்புக் கல்லு அதுல நல்லா காயும்."