அரிப்பே இல்லாத வீக்கம்

எனக்கு முதலில் உதடு வீங்கும். சில மணி நேரத்தில் தொண்டை அடைத்து, குரல் கம்மி, எச்சில் விழுங்க முடியாமல் போகும். அவசரப் பிரிவுக்கு ஓடினால் அலர்ஜி என்று சொல்லி ஏவிலும் ஸ்டீராய்டும் போடுவார்கள். வீக்கமோ அதையெல்லாம் சட்டை செய்யாமல் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் வடியும். கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று வரிசையாக நிறுத்தியும் பார்த்தாயிற்று.

அப்புறம் ஒரு மருத்துவர் கேட்ட கேள்விகளே வேறு. தோலில் தடிப்பு வருமா, அரிக்குமா? ஒருநாளும் இல்லை. காரணமில்லாமல் வயிறு பிசைந்து வாந்தி வருமா? வரும், ஒருமுறை குடல்வால் என்று அறுவை சிகிச்சைவரை பேச்சு போனது. வீட்டில் யாராவது மூச்சடைத்து இறந்திருக்கிறார்களா? அத்தை. பல் பிடுங்கிய அன்று இரவே போய்விட்டார். 'விஷம் ஏறிவிட்டது' என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

ரத்தத்தில் உள்ள சி4 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை எழுதினார். வீக்கம் இல்லாத நாளில் எடுத்தும் குறைவாகவே வந்தது. அடுத்து, இந்த மாதிரி வீக்கம் வராமல் தடுக்கும் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம்: அளவு, செயல்பாடு இரண்டும். சிலருக்கு அளவு சரியாக இருந்து செயல்பாடு மட்டும் குறையுமாம். அதனால் ஒன்றோடு நிறுத்தக்கூடாது. எனக்கு இரண்டுமே குறைவு. பரம்பரை ஆஞ்சியோஎடிமா, அதாவது குடும்பவழியாக வரும் வீக்க நோய். இதில் ரத்தக்குழாயைக் கசியவைப்பது அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமின் இல்லை, பிராடிகைனின் என்ற வேறொரு பொருள். அத்தனை ஊசியும் வீணானது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

தொண்டை வீங்கினால் வீட்டில் காத்திருக்கவே கூடாது என்றார். சி1 இன்ஹிபிட்டர் மருந்தோ பிராடிகைனின் வேலையைத் தடுக்கும் இகாடிபான்ட் ஊசியோ கிடைக்காத இடத்தில் உறைநிலைப் பிளாஸ்மா (தானமாகப் பெற்ற ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவார்கள். நோயின் பெயர், கொடுக்கவேண்டிய மருந்து எல்லாம் எழுதி வாங்கிய கடிதம் எப்போதும் என் பையில் இருக்கிறது.

அப்பாவுக்கும் சி4 குறைவு. அவருக்கு எப்போதாவது கை வீங்கியதோடு சரி. ஆனால் அவர் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரை எனாலப்ரில்! பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியையே தடுக்கிற மாத்திரை அது. உடனே வேறு மாற்றிக்கொடுத்தார்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பி இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை, 'எனக்குத்தான் வீங்குவதே இல்லையே அக்கா' என்கிறான். கடைவாய்ப்பல் பிடுங்க நாள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான். சி4 முடிவு வராமல் அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது என்று தினமும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.