லேபிள் போயாச்சு, மூடி வாசனைதான் போக மாட்டேன் என்கிறது

கடைசியில் அந்தத் தேன் பாட்டிலின் லேபிள் ஒரே இழுப்பில், எங்கும் கிழியாமல், முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கண்ணாடியில் பசையின் சுவடுகூட இல்லை. காலி பாட்டில் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மற்றவர்கள் "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

ஊற வைத்துச் சுரண்டுவது நமக்குத் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். தண்ணீரில் கரையும் பசை போட்டு ஒட்டிய தாள் லேபிள் என்றால் அதுவே போதும், வெந்நீரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் திரும்பி வருவதற்குள் லேபிள் தானாக மிதக்கும். முரண்டு பிடித்தால் தண்ணீரில் கொஞ்சம் சலவை சோடா. சமையல் சோடா இல்லை, சலவை சோடா. காரம் அதிகம், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், கறுத்துவிடும்.

ஸ்டிக்கர் வகைதான் வில்லன். அந்தப் பசை தண்ணீருக்கு மசியவே மசியாது. மேலே பிளாஸ்டிக் படலம் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்க வழியே இல்லை. தாளாக இருந்தால் அதைவிடக் கொடுமை, தாள் ஊறிக் கூழாகிப் போய்ப் பசை மட்டும் தங்கிவிடும், அப்புறம் துடைக்கத் துடைக்க ஸ்க்ரப்பர், சிங்க், கை என்று எல்லாவற்றிலும் ஏறும். இதற்கு வைத்தியம் சூடு, அதுவும் பாட்டிலுக்கு உள்ளிருந்து. வெளிப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கண்ணாடியைப் பழக்க வேண்டும், பிறகு அதைக் கொட்டிவிட்டு இன்னும் சூடான தண்ணீர். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. ஜாம் பாட்டில், காபி பாட்டில் எல்லாம் சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, ஆய்வகக் குடுவை செய்கிற போரோசிலிகேட் அல்ல. போரோசிலிகேட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும், அதனால் சட்டென்று 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விட வாய்ப்பு உண்டு. குளிர்ந்த கல் மேடையிலும் வைக்காதீர்கள், மடித்த துணிமேல் வையுங்கள்.

சூடு எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பசை அளவுக்கு மேல் இளகி, இழுக்கும்போது நூல் நூலாக நீண்டு, பாதி லேபிளோடும் பாதி கண்ணாடியோடும் போகும். சூடு போதாவிட்டால் தாள் இரண்டு அடுக்காக உரிந்துவிடும். பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் சுட வேண்டும், ஆனால் விரலை வெடுக்கென்று எடுக்க வைக்கக் கூடாது, அதுதான் பதம். சில நிமிடம் பொறுத்து, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, லேபிளை அதன் மேலேயே மடித்தாற்போல் கண்ணாடியை ஒட்டிப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் போச்சு. வேகமும் கூடாது. நூல் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திக் கொஞ்சம் ஆற விட்டுத் தொடருங்கள். சரியாக வரும்போது மெல்லிய சரசரப்பு ஒன்று கேட்கும், அதைக் கேட்பதற்காகவே இன்னொரு பாட்டில் எடுக்கத் தோன்றுகிறது.

அப்படியும் மிச்சம் இருந்தால் சமையல் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டு, மேலே சமையல் சோடா தூவி விரலாலேயே தேய்த்தால் உருண்டு வந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேலை செய்யும், நாற்றம்தான் தாங்காது, மூடியில் பட்டால் பெயின்ட்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். கம்பி நார், பிளேடு பக்கம் போகவே வேண்டாம். கீறல் விழுந்த இடத்திலிருந்துதான் கண்ணாடி விரிசல் விடும். பழைய ஏடிஎம் கார்டு போதும்.

சரி, கண்ணாடி முடிந்தது. மூடி? அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், பூண்டு வாசனை போகவே மாட்டேன் என்கிறது. மூடியின் உள்விளிம்பில் ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கிறதே, அது ரப்பர் இல்லை, பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். எண்ணெயையும் அதில் கரைந்த வாசனையையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. சமையல் சோடாக் குழைவு, வெயில், காபித் தூள் எல்லாம் காட்டியாச்சு. வெயிலில் காய்ந்ததும் போய்விட்ட மாதிரி இருக்கும், இரவு பாட்டிலை மூடி வைத்தால் காலையில் பூண்டு ஆஜர். வினிகரில் ஊறப்போடச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடு இல்லை. உள்பூச்சில் கீறல் இருந்தால் அங்கே துருப் பிடிக்கும்.

புது மூடி வாங்கலாம் என்றால் அது வேறு தலைவலி. 63, 66, 70, 82 என்று மில்லிமீட்டரில் அளவு. 63-ம் 66-ம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 66 கேட்டு 63 அனுப்பிய ஒரு விற்பனையாளர், பாட்டில் வாயைத்தான் நான் தப்பாக அளந்ததாகச் சாதித்தார், வெர்னியர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் வாயை மூடினார். திருகு மூடி ஜாடிக்கு ஜான் மேசன் காப்புரிமை வாங்கியது 1858-இல், இத்தனை காலம் ஆகியும் இந்தக் கம்பெனிகள் ஒரே அளவுக்கு வர மாட்டேன் என்கின்றன. புது மூடி வந்ததும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி, பழைய செய்தித்தாள்மேல் கவிழ்த்து ஒரு ராத்திரி வையுங்கள். தாள் நனையாவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம். பழைய மூடியை உலர்ந்த சாமானுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். கொதிக்க வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்து மாதக்கணக்கில் வெளியே வைக்கும் வேலைக்கு அது ஆகாது, வளையத்தில் முதல் தடவை பதிந்த தடம் அப்படியே இருக்கும்.

அடுத்து ஃப்ரீசர். கழுத்து ஒடுங்கிய பாட்டில்களை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன், அவை அங்கே போகாது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் போல விரியும், தோள்பட்டையில் முட்டினால் உடையும். வாய் முதல் அடி வரை நேராக இருப்பவை மட்டும், அதுவும் மேலே இரண்டு விரல் இடம் விட்டு. அப்படிப்பட்ட பாட்டில் என்னிடம் இருப்பதெல்லாம் 82 மூடிக்காரர்கள், மூடிகள் முழுக்கப் பூண்டு வாசனை. அதனால் அந்த மூடிகளை ஊறுகாய்க்கே ஒதுக்கிவிட்டு 82-இல் புதுசு சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை வேறு ஆளிடம்.