துப்பாக்கி இருக்கட்டும், பையைக் காட்டுங்க

தேர்தல் தேதியை அறிவித்தால் பெரியப்பாவுக்கு வருகிற முதல் போன் எந்தக் கட்சிக்காரனிடமிருந்தும் இல்லை, ஸ்டேஷனில் இருந்துதான். "பெரியவரே, தேர்தல் முடியற வரைக்கும் பொருளைக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க." பொருள் என்பது அந்தப் பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி. பெரியம்மா மருமகளாக வருவதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் இருப்பது, இன்றைக்கும் அதற்குத்தான் மரியாதை அதிகம்.

உறையை எலி தின்றுவிட்டது. பெரியம்மா பொன்னி அரிசிப் பையைப் பிரித்துப் புதிதாக ஒன்று தைத்தார். தையல் கச்சிதம், நீளம் மட்டும் ஒரு முழம் குறைவு. ஆக, '25 கிலோ, முதல் தரம்' என்று அச்சடித்த பைக்கு மேலே குழல் எட்டிப் பார்க்க, பெரியப்பா அதை நட்டமாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார, நான் எக்ஸலை ஓட்டிக்கொண்டு போனேன். ஊரே அலறி ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஒரு கோழிகூட ஓடவில்லை.

"ஏனுங்க, இது இன்னும் சுடுதுங்களா?" என்றார் பஞ்சர் கடைக்காரர். டீக்கடையில் தினத்தந்தியிலிருந்து தலை தூக்கிய ஒருவர் விலை விசாரித்தார், வாங்குகிறவர் போலவே பேரமும் பேசினார். ஒரு பையன் செல்ஃபிக்கு வந்து பெரியப்பாவிடம் திட்டு வாங்கினான். எல்லாவற்றுக்கும் மேல், எதிர்வீட்டு ஆத்தா நிறுத்தி, "பேங்க்ல வாட்ச்மேன் வேலை கெடச்சிருச்சா சாமி?" என்று மனசாரச் சந்தோஷப்பட்டது. அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

டெக்சாஸ் அண்ணன் ஒருமுறை வீடியோ காலில் இந்தத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, ஆபத்து, உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தான். அவன் ஊரில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்கள் பெரும்பாலும் லைசென்ஸ்கூட இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பால் வாங்கப் போகலாம். பெரியப்பா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "அங்க பன்னி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, ஹெலிகாப்டரில் போய்ச் சுடவே 2011ல் சட்டம் போட்டுவிட்டார்கள் என்று அவன் சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு அமெரிக்கா மேல் தனி மதிப்பு. இங்கே காட்டுப்பன்றியைத் தொட்டால் வனத்துறை வழக்கு, அதனால் அவர் இத்தனை காலமாகச் சுட்டதெல்லாம் வானத்தைத்தான். அந்தச் சத்தத்துக்கே பன்றிகள் ஓடிவிடும் என்பார். அந்தப் பக்கம் ஓடி மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடும் என்பார் பெரியம்மா.

பிரிவு ரோட்டில் பறக்கும் படை, பறக்காமல், புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. கையைக் காட்டினார்கள். வீடியோ எடுக்கிற தம்பி கேமராவைத் தூக்கினான். நான் லைசென்ஸ், துப்பாக்கி, ஸ்டேஷன் போன் என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். அதிகாரி குழலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், அந்த மஞ்சப்பையில என்ன?" என்றார். ஐம்பதாயிரத்துக்கு மேல் பணமாக இருந்தால்தானே அவர்களுக்கு வேலை. வெற்றிலை, கண்ணாடிக் கூடு, முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார்கள். துப்பாக்கியை அவ்வளவு நேரமும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். 'சார், தள்ளி நில்லுங்க, மறைக்குது' என்றான் கேமராத் தம்பி.

ஸ்டேஷனில் ரைட்டர் சீட்டு கட்டி, ரசீது கொடுத்தார். "ஒழுகாத எடமாப் பாத்து வைங்க" என்று பெரியப்பா மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னார். அவர் கவலை நியாயம்தான். 2024ல் ஏப்ரல் 19ஆம் தேதியே நாமெல்லாம் ஓட்டுப் போட்டு முடித்தாயிற்று. ஆனால் மற்ற மாநிலங்கள் எல்லாம் போட்டு ஜூன் 4ல் எண்ணி முடிக்கிற வரைக்கும் பொருள் அங்கேயே கிடந்தது. வங்காளத்தில் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியட்டும் என்று நம்ம தோட்டத்துப் பன்றி காத்திருக்குமா? கடலைக்காட்டில் பாதி போச்சு. இந்த வருசமும் கடலை இறங்குகிற நேரம்தான்.

அதனால் திரும்பும்போது கடைவீதியில் நாலு பெட்டி அணுகுண்டு வெடி வாங்கிக்கொண்டோம். அதே புளியமரம், அதே படை. துப்பாக்கிக்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்காதவர்கள் வெடிக்கு முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பில் எங்கே, ஊர்வலம் எங்கே, வேட்பாளர் யார்?

"எந்தக் கட்சிக்குங்க இது?"

"காட்டுப்பன்னிக்குங்க" என்றார் பெரியப்பா. கேமராத் தம்பி அதையும் பதிவு செய்துகொண்டான்.