தொண்ணூற்றொன்பது எடுத்தாலும் பெயில்

1980 பெப்ரவரி 15, வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடம். எங்கள் விஞ்ஞான மாஸ்டர் கரும்பலகையில் இந்தியாவைக் கீறி, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "நாளைக்கு நிழல் கார்வார், ஹூப்ளி, ராய்ச்சூர் வழியாப் போகுது. முழுக்கிரகணம் அங்கதான். நீங்கள் சூரியனைப் பாக்காதேங்கோ, மரத்துக்குக் கீழ நிலத்தைப் பாருங்கோ."

மறுநாள் வீட்டில் அம்மம்மாவின் ஆட்சி. சோற்றுப்பானையில் தர்ப்பை, யன்னல்கள் எல்லாம் சாத்து. நான் கோடிப்பக்கத்தால் நழுவி மாமரத்தடிக்குப் போனேன். நிலமெல்லாம் பிறை! இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமராவாகி, ஒவ்வொரு குட்டிச் சூரியனை விழுத்தியிருந்தது. அகப்பட்டு அடி வாங்கியது வேறு கதை.

திங்கட்கிழமை, "எங்களுக்கும் நல்லா மறைஞ்சதுதானே சேர்?" என்று கேட்டேன். "தொண்ணூற்றொன்பது சோதினையிலதான் நல்ல புள்ளி. கிரகணத்தில அது பெயில்" என்றார்.

44 வருடம் கழித்து, 2024 ஏப்ரல் 8. ரொறன்ரோவில் 99 வீதத்துக்கும் மேலே மறையப் போகிறது. "வாசல்ல நிண்டு பாத்தாக் காணாதோ?" என்றார் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் சூரியனின் ஒளிவட்டம் சூரியத் தட்டைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கல். ஒரு கீற்று மிஞ்சினாலும் அதைக் காண முடியாது.

வகுப்புத் தோழர்கள் மூன்று பேர், ஒரு வான். பக்கத்திலிருக்கும் நயாகராவுக்குப் போகலாம்தான். அங்கே சனம் குவியும் என்று முன்கூட்டியே அவசரகால நிலை அறிவித்திருந்தார்கள். முகில் வேறு மூடும் என்றார்கள். சரி என்று இரவோடிரவாகக் கியூபெக்கின் ஷேர்புறூக்குக்கு ஓடினோம். கிட்டத்தட்ட 700 கிலோமீற்றர்.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மரங்களில்தான் ஓர் இலை இல்லை. அதற்கென்ன, சாப்பாட்டோடு வந்த இடியப்பத் தட்டைப் பிடித்தோம். பனியின்மேல் வரிசை வரிசையாகப் பிறை.

மூன்றரைக்குச் சற்று முன், வெளிச்சம் ஈயம் பூசின மாதிரி ஆகி, குளிர் காலால் ஏறியது. கடைசிப் பொட்டு ஒளியும் அணைந்ததும் கண்ணாடியைக் கழற்றினோம். கறுத்த வட்டம், சுற்றிவர வெள்ளைச் சடை. கீழ் விளிம்பில் குன்றிமணி அளவில் ஒரு செந்தீ. வலப்பக்கம் கீழே வெள்ளிக் கிரகம். அடிவானம் எல்லாத் திசையிலும் பொழுதுபடும் நிறம். வழிநெடுகக் கதைத்தே எங்களைக் கொன்றவன் "அடேய்" என்றதோடு சரி. நான் படமெடுக்க நினைத்திருந்தேன். ஃபோன் சட்டைப்பையிலேயே கிடந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்ததாம். எனக்கு ஒரு மூச்சுப் போலத்தான்.

வெளிச்சம் திரும்பியதும் பசி வந்தது. பார்சலில் கை வைத்தேன். எங்களில் ஒருவன், ஓய்வுபெற்ற பொறியியலாளன், தட்டிவிட்டான். "முழுகாமல் சாப்பிடுறதோ?" பிறகு குனிந்து ஒரு பிடி பனியை அள்ளி எங்கள் மூன்று தலையிலும் தேய்த்துவிட்டு, "இப்ப எடு" என்றான்.