தெய்வம் நின்று கொல்லும், அதுவரை?

"அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்" என்பது சின்ன வயதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. உறவில் ஒருவர் தன் தங்கையிடம் ஏதோ சொல்லிக் கையெழுத்து வாங்கி, அவளுக்குச் சேர வேண்டிய பங்கையும் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும். அவள் வந்து நியாயம் கேட்டபோது பெரியவர்கள் சொன்னது, "விடும்மா, கடவுள் பார்த்துக்குவார்." இதை எப்போதும் இழந்தவரிடம்தான் சொல்கிறார்கள், எடுத்தவரிடம் போய் யாரும் சொல்வதில்லை. (நானும் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான்.)

தீர்ப்பை நிஜமாகவே கடவுளிடம் விட்டுப் பார்த்த காலமும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்திச் சில அடி நடக்க வேண்டும், அப்புறம் கையைக் கட்டிவிட்டு மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், புண் நன்றாக ஆறிவந்தால் நிரபராதி, சீழ் வைத்திருந்தால் குற்றவாளி. பெயர் கடவுளின் தீர்ப்பு. ஆனால் ஆறுகிறதா, சீழா என்று பார்த்துச் சொன்னது ஒரு பாதிரியார்! கடைசியில் 1215-ல், நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபை மாநாட்டில், பாதிரிமார் இந்தச் சடங்கில் பங்கெடுக்கக் கூடாது என்று திருச்சபையே தடுத்துவிட்டது. கடவுளைச் சோதிப்பது பாவம் என்ற எதிர்ப்பு ஏற்கெனவே திருச்சபைக்குள் இருந்தது. 1219-ல் இங்கிலாந்து நீதிபதிகளுக்கும் இனி இது வேண்டாம் என்று உத்தரவு போக, அந்த இடத்துக்கு மெல்ல ஜூரி வந்தது. அதாவது, அக்கம்பக்கத்து மனிதர்கள்.

மனிதர்கள் தப்பாகத் தீர்ப்புச் சொல்வார்களே என்றால், சொல்வார்கள்தான். தூக்கில் போட்டபின் நிரபராதி என்று தெரிந்து என்ன பயன்? அடுத்தவர் மனதுக்குள் புகுந்து பார்க்க நமக்குக் கண் கிடையாது, நோக்கத்தைக்கூடச் செயலை வைத்துத்தான் ஊகிக்கிறோம். அதனால் எனக்குப் படுவது இதுதான்: ஒருவர் செய்த காரியம் சரியா தப்பா, பறித்ததைத் திருப்பித் தர வேண்டுமா என்பது நம் வேலை. அவர் அடிமனதில் நல்லவரா, மன்னிப்புக்குத் தகுதியானவரா என்பதெல்லாம் கடவுள் இருந்தால் அவர் பார்த்துக்கொள்ளட்டும். நாம் செய்வது நேர்மாறு. ஆளைப் பற்றி மணிக்கணக்கில் புறணி பேசுவோம், காரியத்தைக் கடவுள் தலையில் கட்டிவிடுவோம்.

நல்லது எது என்று கடவுளே சொல்லிவிட்டாரே என்பவர்களும் இருக்கிறார்கள். சரி, சொன்னது கடவுள்தான் என்று முடிவு செய்தது யார்? அதுவும் நாம்தானே.

அவள் வழக்குப் போடப்போகிறாள். "சாட்சி சொல்ல வருவீங்களா அண்ணா?" என்று போன வாரம் கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு தூக்கம் வரவில்லை. எடுத்தவர் எனக்கு அண்ணன் முறை, என்னைத் தூக்கி வளர்த்தவர் வேறு.